விளக்கொளியில் நாற்று

நான் கொல்லிமலையில் பிறந்தவன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் செழித்திருப்பதைக் காணலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் விளக்கை எரித்துச் செடி வளர்ப்பானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை வந்து பார்த்தால் கேட்க மாட்டார்கள். நாள்கணக்கில் மூடுபனி, விட்டால் சாரல். வெளியே விதைத்த தக்காளி நாற்று அழுகிவிடும்.

ஆதலால் சென்ற ஆண்டு வீட்டிற்குள் தட்டுகளில் விதைத்தேன். முளைத்தவை வெளிறி, நூல்போல் நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்தன. ஒளிக் குறைவு என்பது தாவரவியல் மாணவனுக்குத் தெரியாதா? 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டேன். பல்புக்கு அருகில் இருந்த இலைகள் கருகின. தள்ளியிருந்தவை முன்னிலும் நீண்டன. மின் கட்டணம் வந்த அன்று, "செடி காய்க்குதோ இல்லையோ, மீட்டர் நல்லாக் காய்க்குது" என்றார் அம்மா.

பிழை எங்கே என்று பாடநூலைப் புரட்டினேன். குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத்தான் காணும் ஒளியாக மாற்றுகிறது, ஏனையதெல்லாம் வெப்பம். மேலும் அதன் கதிர்களில் தொலைசிவப்பு மிகுதி. மரநிழலிலும் அக்கதிரே மிகுந்திருக்கும். எனவே செடி, தான் நிழலில் அகப்பட்டுக்கொண்டதாகக் கொண்டு தண்டை நீட்டுகிறது. என் நாற்றுகளின் மீது குற்றமில்லை. அவை இயற்கை கற்பித்தபடியே நடந்தன.

அப்படியானால் எந்த விளக்கை வாங்குவது? எத்தனை வாட் என்று கேட்பது பயனற்றது. வாட் என்பது விளக்கு உண்பதைச் சொல்லுமேயன்றி, ஈவதைச் சொல்லாது. லூமன், லக்ஸ் ஆகியவையும் பச்சைநிற ஒளியை மிகுதியாக உணரும் மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவுகள். செடிக்கு வேண்டியது ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு ஜூல் மின்சாரத்திற்குக் குண்டு பல்பு சுமார் 0.3 மைக்ரோமோல் ஒளித்துகள்களே தரும். பழைய டியூப் லைட் 0.9 அளவில் தரும். செடிகளுக்கென்றே செய்த நல்ல எல்.ஈ.டி. விளக்கு 2.5-க்கு மேலும் தரும். வீட்டு எல்.ஈ.டி. டியூப் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நாற்றுக்கு அதுவே போதும்.

ஊதா நிற விளக்கே செடிக்கு உகந்தது என்று கடைக்காரர் ஒருவர் என்னிடம் வற்புறுத்தினார். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக ஏற்பது உண்மையே. ஆனால் 22 பயிர்களின் இலைகளை ஆராய்ந்து மெக்ரீ என்பவர் 1972-இல் வெளியிட்ட கட்டுரை, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகப் பயன்படுவதைக் காட்டிற்று. வெள்ளை ஒளியில் வேறொரு நன்மையும் உண்டு. இலையில் நோய் தோன்றினால் கண்ணுக்குத் தெரியும். ஊதா ஒளியில் எல்லா இலையும் கறுப்பே!

இனிக் கணக்கு. 100 வாட் பல்பு 14 மணி நேரத்தில் 1.4 யூனிட், இரண்டு மாதத்திற்கு 84 யூனிட். 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது. அவ்வளவையும் ஏறக்குறைய ஒரு பல்பே விழுங்கிவிடும். 20 வாட் எல்.ஈ.டி. டியூப் ஏறத்தாழ அதே அளவு ஒளித்துகள்களைத் தந்தும், இரண்டு மாதத்தில் 17 யூனிட்டுக்கும் குறைவாகவே வாங்கும். வெப்பம் குறைவாதலால் செடிக்கு அருகிலேயே தொங்கவிடலாம். குண்டு பல்பின் தொலைவை இரட்டித்தால் ஒளி கால் பங்காகிவிடும் என்பதை நினைத்தால் இந்த அண்மையின் அருமை விளங்கும்.

இவ்வாண்டு டியூப்பை இலைகளுக்கு ஒரு சாண் மேலே கட்டி, நாற்று வளர வளர உயர்த்தினேன். சுவருக்கு வெள்ளையடித்தேன், சிதறும் ஒளியும் திரும்பி வரட்டுமே! இரவில் கண்டிப்பாக அணைத்துவிடுவேன். ஓயாத ஒளியில் தக்காளி இலை பழுதுபடும். நாற்றுகள் குட்டையாக, தண்டு பருத்து நின்றன.

அவற்றைக் கண்ட அப்பா, மிளகுக் கொடித் துண்டுகளையும் விளக்கின் கீழ் வைக்கலாமா என்று கேட்டார். மிளகு நிழலில் வளரும் கொடி. அதற்கு ஒரு யூனிட்டும் செலவழிக்க வேண்டாம், சில்வர் ஓக் அடியிலேயே இருக்கட்டும் என்றேன்.