அறச்சாலையும் அரசினர் உதவியும்

மழை கரந்து காஞ்சி மாநகரிற் பஞ்சம் மூண்ட காலத்து, மணிமேகலை அமுதசுரபியைக் கையிலேந்தி ஆங்குச் சென்று பசித்தோர்க்கெல்லாம் உணவளித்த வரலாற்றைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. நம் உலகத்து அறச்சாலைகளின் பாத்திரமோ இட்டதனையே தருவது. ஆதலின், பசித்தோர்க்கென அரசினர் செய்யும் செலவைச் சுருக்குங்கால் அக்குறையை அறச்சாலைகள் நிரப்பவல்லனவோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். காஞ்சியும், அதற்குத் தெற்கே சேயாற்றங்கரையில் விளங்கும் மாகறலும் அடங்கிய நம் நாட்டு வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு.

பஞ்சம் உழவனை மட்டும் வருத்துவதன்று. தானியத்தின் விலை ஏறியவுடன் மக்கள் முதற்கண் நிறுத்துவது துணி வாங்குதலையே. ஆகவே, நிலமில்லாத நெசவாளன் வாங்கும் அரிசி விலையேற, விற்கும் சேலை விலைபோகாது இருபுறமும் நெருக்கப்படுகின்றான். பட்டுநூலைத் தொட்டுப் பழகிய கை கல்லுடைத்துக் காய்த்துப்போமாயின், நற்காலம் திரும்பிய பின்னும் தறியில் முன்போல் வேலை செய்வது அரிது.

இத்தகையோர்க்கு உணவளிக்க எழுந்தனவே கஞ்சித்தொட்டிகள். ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரின்போது உண்டான பஞ்சத்தில், 1782-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கஞ்சித்தொட்டி ஏற்பட்டது. அதுவே பின்னர் மணியக்காரர் சத்திரமாய் வளர்ந்தது. அதன் வழித்தோன்றிய ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என வழங்குதல் அப்பழைய பசியின் நினைவன்றோ!

இனி, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தை நோக்குவோம். 1873-74-இல் பீகாரில் உண்டான பஞ்சத்தின்போது ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பார் பர்மாவினின்று அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கினார். மாண்டோர் மிகச் சிலரே. ஆயினும் அவர் பெற்றது பாராட்டன்று. வீண்செலவு செய்தார் என்னும் பழியே. அவரையே 1877-இல் வைசிராய் லிட்டன் பிரபு சென்னை மாகாணத்திற்கு அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தையே மேற்கொண்டார். நிவாரண வேலையில் நாள்முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென வரையறுத்தார். சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். தானியம் ஒன்றரை ராத்தலும், அதன்மேல் பருப்பும் காய்கறியும் வேண்டுமென வாதித்தார். அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கத்தார் அளவைச் சிறிது உயர்த்தினர். எனினும் பஞ்சம் முடிவதற்குள், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மாண்டோர் ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்டனர் என மதிப்பிடப்படுகின்றது.

அரை ராத்தல் அற்பமெனத் தோன்றலாம். ஓர் ஊரில் ஆயிரவர் உள்ளனர் எனக் கொள்வோம். ஆளுக்கு அரை ராத்தல் குறையின், நாளொன்றுக்கு 500 ராத்தலும், திங்களொன்றுக்கு 15,000 ராத்தலும் குறையும். இஃது ஏறத்தாழ 6,800 கிலோ. ஓர் அதிகாரி ஒரு வரியெழுதிக் குறைத்ததனை நிரப்ப, அவ்வூர்ச் செல்வர் எத்தனை வண்டி தானியம் ஈதல் வேண்டும்! அன்றியும், அரசினர் கை சுருங்கும் காலமே விலை ஏறும் காலம். நேற்றுப் பிடியரிசி ஈந்தவனே இன்று கஞ்சிக்கு வரிசையில் நிற்பான். கொடுப்போர் குறையக் கொள்வோர் பெருகுவர்.

அவ்வாண்டு லண்டன் மேயர் திரட்டிய பஞ்ச நிதிக்கு ஐந்து லட்சம் பவுனுக்கு மேற் சேர்ந்தது. அதுவும் அரசினர் கடமையைத் தான் ஏற்க முயலவில்லை. உழவர்க்கு விதையும் மாடும் அளித்து, அவர் மீண்டும் தலையெடுக்கச் செய்வதிலேயே பெரிதும் செலவாயிற்று. உயிர்காத்தல் அரசின் கடனே என்பதைப் பின்னர் 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனும், 1883-ஆம் ஆண்டு விதித்தொகுதியும் ஒப்புக்கொண்டன.

இஃது பழங்கதையன்று. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு உணவு மானியத்தைச் சுருக்கும் நோக்கத்தோடு, வறுமைக்கோட்டிற்கு மேற்பட்டோராகக் கருதப்பட்டவர்க்கு ரேஷன் தானியத்தின் விலையை அடக்கச் செலவளவிற்கு உயர்த்திற்று. வாங்குவோர் குறைந்தனர்; 2001-இல் அரசின் கிடங்குகளில் ஏறத்தாழ ஆறு கோடி டன் தானியம் குவிந்துகிடந்தது. பட்டினியோ நாட்டில் நீங்கவில்லை. அக்காலத்தை ஒட்டி, துணி விலைபோகாத தமிழ்நாட்டு நெசவாளர் ஊர்கள் சிலவற்றில் மீண்டும் கஞ்சித்தொட்டிகள் தோன்றின. அவற்றை வைத்தோரின் அன்பு போற்றத்தக்கதே; ஆயின் ஒரு வேளைக் கஞ்சி திங்கள் முழுதும் அடுப்பெரிக்க மாட்டாது. தமிழ்நாட்டு அரசு பொது விநியோகத்தை யாவர்க்கும் உரியதாகக் காத்து வந்ததும், 2011 முதல் அரிசியை விலையின்றி அளித்து வருவதுமே நிலையான துணையாயின.

இவற்றால் அறியக் கிடப்பது யாது? அறச்சாலை வேண்டா என்பதன்று. பதிவேட்டில் பெயரில்லாதானையும், நோயுற்றானையும், வழிப்போக்கனையும் முதலிற் காண்பது அறச்சாலையே. ஆயின், அரசின் படி அடிச்சுவர்; அறச்சாலை அதன்மேற் கூரை. சுவரைக் குறைத்துவிட்டுக் கூரையைப் புகழ்தல் நகைப்பிற்கிடமாம். நாளை அலுவலகங்களில் அமர்ந்து வரவு செலவு எழுதப்போகும் மாணவ நண்பர்காள்! ஓர் எண்ணைக் குறைக்குமுன், அஃது எத்தனை கலத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பார்ப்பீர்களாக.