பூநாரைக்குப் புதுத் தோற்றம்: பிளெண்டரில் ஒரு திருத்த வேலை

பெருங்குடியை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு வரும் பூநாரையை வைத்து, நானும் இரண்டு நண்பர்களும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே 40 நொடி அனிமேஷன் படம் ஒன்று தயாரித்தோம். மென்பொருள் பிளெண்டர். இலவசம்தானே என்று சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2025-ல் ஆஸ்கர் விருது பெற்ற 'ஃப்ளோ' முழுநீளப் படம் இதில் உருவானதுதான்.

இறகு, நாணல், நீரின் பளபளப்பு என எல்லாமே நிஜம் போல இருந்தன. எங்களுக்கு அனிமேஷன் கற்றுத் தந்த சாரிடம் காட்டினோம். அவர் ஒரு ஃபிரேமைக் கருப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னார். பறவையும் நாணலும் ஒரே சாம்பல் நிறம்! "தம்பி, இதில் பூநாரை எங்கே இருக்கிறது?" என்றார். பள்ளிக் குழந்தைகளுக்குத் திரையிட இரண்டே வாரம் இருந்தது.

நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 40 நொடிக்கு 960. சைக்கிள்ஸ் ரெண்டரர் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேமுக்கு 4 நிமிடம் எடுத்தது. மொத்தம் 64 மணி நேரம். ஒவ்வொரு திருத்தத்திற்கும் இத்தனை நேரம் காத்திருக்க முடியாது. (பெரிய ஸ்டுடியோக்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ட்ரெய்லரைப் பார்த்து ரசிகர்கள் முகம் சுளித்ததால் சோனிக்கின் உருவத்தை மாற்றி வரைந்தார்கள். 2019 நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.) ஆகவே ஓவியம் போன்ற தட்டையான நிறங்களுக்கு மாறினோம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ரெண்டர் பிராப்பர்ட்டீஸில் ரெண்டர் இன்ஜினை ஈவீ என மாற்றுங்கள். ஷேடர் எடிட்டரில் டிஃப்யூஸ் பிஎஸ்டிஎஃப், ஷேடர் டு ஆர்ஜிபி, கலர் ரேம்ப் ஆகிய நோடுகளை இதே வரிசையில் இணைத்து, முடிவை மெட்டீரியல் அவுட்புட்டின் சர்ஃபேஸில் கொடுங்கள். கலர் ரேம்ப்பில் லீனியர் என்று இருப்பதை கான்ஸ்டன்ட் ஆக்கினால், நிழல் கத்தியால் வெட்டியது போல இரண்டே நிறமாகப் பிரியும். பறவைக்கு வெளிர் ரோஸ், நாணலுக்கு அடர் பச்சை கொடுத்தோம். கருப்பு வெள்ளையிலும் பறவை பளிச்சென்று தனியே தெரிந்தது. ஷேடர் டு ஆர்ஜிபி ஈவீயில் மட்டுமே வேலை செய்யும். தேர்ந்தெடுத்த நிறம் திரையில் வெளிறித் தெரிந்தால், கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள்.

ஓவியம் போன்ற பறவை வழுக்கிக்கொண்டு நடந்தால் பொருந்தாது. கிராஃப் எடிட்டரில் பறவையின் அசைவுகளுக்கு ஸ்டெப்ட் இன்டர்போலேஷன் மாடிஃபையர் சேர்த்து, ஸ்டெப் சைஸ் 2 கொடுத்தோம். இனி நொடிக்கு 12 நிலைகள்தான். 2018-ல் வந்த 'இன்டூ தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்திலும் மைல்ஸ் பல காட்சிகளில் இப்படித்தான் நகர்கிறான். கேமராவுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள், காட்சியே குலுங்கும்.

ஈவீயில் ஒரு ஃபிரேம் 8 நொடி; முழுப் படம் 2 மணி 8 நிமிடம். "நாணலைப் பாதியாக்குங்கள்" என்று சார் மறுபடியும் சொன்னபோது, அன்றிரவே மாற்றி முடித்தோம்.

ரெண்டர் செய்யும்போது நேரடியாக வீடியோவாகச் சேமிக்காமல், பிஎன்ஜி படங்களாகச் சேமியுங்கள். 700-வது ஃபிரேம் முடிந்ததும் கரண்ட் போனாலும் 701-லிருந்து தொடரலாம்.