இரு அடைக்கோழிகள் சேர்ந்து குஞ்சு வளர்த்தல்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பண்ணைப்புரம் அமைந்துள்ளது. இவ்வூரைப் போன்ற கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் கூலி வேலையை நம்பியுள்ள குடித்தனங்களுக்குப் புறக்கடையில் மேயும் நாலைந்து நாட்டுக்கோழிகள் ஒரு சிறு சேமிப்புப் பெட்டியாகும். அவசரச் செலவு நேரும்போது ஒரு சேவலை விற்றுச் சமாளிக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முட்டை கிடைக்கும். ஆயின், பொரித்த குஞ்சுகளில் பல முதல் மாதத்திலேயே மாண்டுபோவதால் இப்பலன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

இந்நஷ்டத்திற்குப் பருந்து, காக்கை, கீரி, பூனை ஆகியவற்றைப் பலரும் பழிப்பர். ஒரு தாய்க்கோழி மற்றொன்றின் குஞ்சைக் கொத்திக் கொல்வதையும், இரு கோழிகளின் சண்டையில் முட்டைகள் குளிர்ந்து கெடுவதையும் கவனிப்பவர் சிலரே. இரு பெட்டைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அடைக்கு வரும்போது, அவற்றைப் பகைக்க விடாமல் ஒன்றாகக் குஞ்சு வளர்க்கச் செய்யும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

அடைக்கோழியின் சுபாவம்

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, அடைகாக்கும் காலத்தில் கூட்டத்தை விட்டு விலகிப் புதர் மறைவில் தனித்திருக்கும். இத்தனிமை நாட்டம் வீட்டுக்கோழியிடமும் எஞ்சியிருக்கிறது. புறக்கடையிலோ இடம் குறுகியது. ஒரே மூலையில் இரண்டு பெட்டைகள் உட்கார நேரிடுகிறது. சண்டைக்கு மூலகாரணம் இதுவே.

மூளையின் அடிப்புறச் சுரப்பி புரோலாக்டின் என்னும் சுரப்பு நீரை மிகுதியாகச் சுரக்கும்போது கோழி முட்டையிடுவதை நிறுத்தி அடைக்கு உட்காருகிறது. முட்டைக்கெனவே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற ஜாதிகள் இக்குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் கிராம புனருத்தாரண வேலையை நடத்தியபோது, கோழி அபிவிருத்தியையும் கூட்டுறவு முறையில் முட்டை விற்பனையையும் அதில் சேர்த்திருந்தனர். எவ்வளவு உயர்ந்த ஜாதி முட்டையாயினும், பொரிப்பு இயந்திரம் இல்லாத வீட்டில் அதைப் பொரிக்க நாட்டுப் பெட்டையே வேண்டும். ஆகையால் அடைக்கோழியை உபத்திரவமாக எண்ணாமல் ஒரு கருவியாகக் கொள்வது சிலாக்கியம்.

ஒரே நாளில் அடை வைத்தல்

இம்முறையின் ஆதாரம், இரு கோழிகளுக்கும் ஒரே நாளில் முட்டை வைப்பதாகும். ஒரு பெட்டை முந்தி உட்கார்ந்தால் அதன் கீழ் இரண்டு மூன்று கூமுட்டைகளை வைத்து இருத்தி, மற்றதும் அடைக்கு வரும்வரை சில நாட்கள் பொறுக்கலாம். ஒரு வாரத்திற்கு மேல் காத்திருத்தல் கூடாது. அடைக்கென எடுத்து வைத்த நல்ல முட்டைகளைக் கூர்முனை கீழாக நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட முட்டை உதவாது. கோடையில் இன்னும் புதியதாக இருத்தல் நலம்.

இரண்டு கூடைகளில் அடியில் மணலும் மேலே வைக்கோலும் பரப்பி, செள் பேன் இல்லாதபடி பார்த்து, மாலையில் கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் வரை வைக்க வேண்டும். கூடைகளுக்கு நடுவே பலகையோ சாக்கோ கொண்டு மறைப்புக் கட்டுவது அவசியம். மறைப்பில்லாவிடில் ஒரு கோழி மற்றொன்றின் முட்டைகளைத் தன் பக்கம் உருட்டிக்கொள்ளும்; கொண்ட முட்டைகள் யாவும் அதன் வயிற்றுக்குள் அடங்கா; ஓரத்தில் நின்றவை சூடின்றிக் கெடும்.

தீனிக்கு நாளொன்றுக்கு ஒரு முறை இறக்கிவிட்டால் போதும். இரண்டையும் ஒருசேர விட்டால், இரண்டும் திரும்பி ஒரே கூடையில் ஏறி மற்றக் கூடையை வெறுமையாக விட்டுவிடுதல் உண்டு. ஒன்று திரும்பி உட்கார்ந்த பின்னரே மற்றதை இறக்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள், வீடு திரும்பியபின் பொழுது சாயுமுன் இதைச் செய்யலாம்.

ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்திவலை போன்று இரத்தநாளங்கள் தெரியும். தெளிவாக இருப்பது கருவற்றது. இரண்டு கூடைகளிலுமாகப் பன்னிரண்டுக்கு மேற்படாத கருமுட்டைகளே எஞ்சினால், எல்லாவற்றையும் ஒரு கோழியின் கீழ் வைத்து, மற்றதன் அடையைக் கலைத்துவிடலாம்.

பொரிக்கும் நாள்

முட்டை பொரிக்க 21 நாட்கள் ஆகும். ஒரு கூடையில் முதற்குஞ்சு கூவியவுடன் மற்றக் கோழி அக்குரலை நாடித் தன் முட்டைகளை விட்டு எழக்கூடும். இன்னும் ஒரு நாளில் பொரியவேண்டிய குஞ்சுகள் ஓட்டினுள்ளேயே மடிவது இவ்விதமே. ஆதலால் இரண்டு கூடைகளிலும் பொரிப்பு முடியும்வரை மறைப்பை எடுத்தல் கூடாது. குஞ்சின் வயிற்றில் அடங்கிய மஞ்சட்கரு இரண்டு நாட்கள் வரை அதற்கு ஆகாரமாக உதவும். தீனிக்கென அவசரப்பட வேண்டுவதில்லை.

குஞ்சுகளைத் தாய்மாரிடம் சேர்த்தல்

முதல் இரண்டொரு நாட்களில் தாய் தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டுகொள்வதில்லை. அக்காலத்துள், இராவிருளில், குஞ்சுகளை ஒரு கோழியினின்று எடுத்து மற்றதன் சிறகுக்குள் ஓசையின்றி வைத்து இரு பங்கையும் சமமாக்கலாம். பின்னர் இரண்டு பஞ்சாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து, அடிப்பாகத்தைச் சாக்கினால் சுற்றி, இரு குடும்பங்களையும் இரண்டு மூன்று நாட்கள் வைத்திருக்க வேண்டும். தாய்மார் ஒன்றையொன்று கண்டு பழகியபின், ஒரு மாலை விசாலமான இடத்தில் இரண்டையும் விட்டு, ஆள் அருகிருந்து பார்க்க வேண்டும். ஒரே கூட்டத்தில் வளர்ந்து முன்பே பழகிய பெட்டைகள் பெரும்பாலும் இணங்கும். ஒன்று சிறகைச் சிலிர்த்து மற்றதன் குஞ்சைத் தலையில் கொத்தினால், தாமதமின்றிப் பிரித்துத் தனித்தனியே வளர்ப்பதே தக்கது.

இணங்கிய தாய்மாரால் விளையும் நன்மை பெரிது. வானில் பருந்தைக் கண்டால் ஒரு குரலும், தரையில் பூனையைக் கண்டால் வேறொரு குரலும் எழுப்புவது கோழியின் இயல்பு. எச்சரிக்கும் தாய் எதுவாயினும் எல்லாக் குஞ்சுகளும் பதுங்கும். வீட்டார் மலைக்குச் சென்றிருக்கும் பகற்பொழுதில் இதுவே குஞ்சுகளுக்குக் காவல்.

சாதுவான ஒரு பெட்டையிடம் பதினைந்து குஞ்சுகள் வரை ஒப்படைத்து, மற்றதைக் குஞ்சுகளின் குரல் எட்டாத இடத்தில் வைப்பது மற்றொரு முறை. விடுபட்ட கோழி சில வாரங்களுள் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஆனால் பொரித்த நாளில் நான்கைந்து நாட்கள் வித்தியாசமுள்ள குஞ்சுகளை எம்முறையிலும் சேர்த்தல் கூடாது. தாய் அந்நியக் குஞ்சைக் கொத்தும். மூத்தவை இளையவற்றின் தீனியைப் பறிக்கும்.

இராக்காலமும் ஆகாரமும்

தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்களின் வழியே இப்பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசும். இரண்டு தாய்மார் இருப்பினும் குஞ்சுகள் யாவும் ஒன்றன் கீழேயே நெருங்குவதுண்டு. ஓரத்தில் நின்றவை விறைத்தும், நடுவில் சிக்கியவை நசுங்கியும் சாகும். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துச் சரிபாதியாகப் பங்கிட்டுவிட வேண்டும். கூட்டின் காற்று வரும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, தரையை உலர்ந்ததாக வைத்தல் அவசியம். ஈரத்தரையினால் இரத்தக் கழிச்சல் பரவும்.

அரிசிக் குருணை, கம்பு, உடைத்த சோளம் ஆகியவற்றுடன் கறையானும் கொடுத்தால் குஞ்சுகள் விரைவில் தேறும். பழைய பானையில் உலர்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, ஜலம் தெளித்து, புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியுள்ள கூடையின் கீழ் தீனியை வைத்தால், பெரிய கோழிகள் அதை அபகரிக்க முடியாது. ஜலத்தட்டு ஆழமற்றதாக இருக்கவேண்டும்; கூழாங்கற்கள் இட்டால் குஞ்சு மூழ்காது.

வெள்ளைக் கழிச்சல்

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும், 1927-ல் இந்தியாவில் ராணிகேத்திலும் காணப்பட்ட வியாதியே வெள்ளைக் கழிச்சலாகும். இது கண்டபின் குணப்படுத்த மருந்தில்லை; வருமுன் தடுப்பதே வழி. ஏழாம் நாள் அளவில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் கால்நடை மருத்துவர் சொற்படி போடப்பெற வேண்டும். ஒரு குப்பி மருந்து பல குஞ்சுகளுக்குப் போதுமானது. கரைத்தபின் சில மணி நேரத்துள் உபயோகித்துவிட வேண்டும். நாலு குஞ்சுகளுக்காகக் குப்பியை உடைக்கத் தயங்கியே பலர் மருந்தின்றி விடுகின்றனர். ஒரு தெருவிலுள்ள வீட்டார் கலந்துபேசி ஒரே நாளில் அடை வைப்பார்களாயின், எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே நாளில் மருந்து கிட்டும்.

ஆகவே, ஒரு நாளில் அடை, பொரிக்குமட்டும் மறைப்பு, இருளில் பங்கீடு, பழகியபின் கூட்டு என்னும் இவ்வரிசையை மாற்றாமல் அனுசரிப்பது முக்கியம். இதற்குப் பணச்செலவு இல்லை. இரண்டு கூடையும், ஒரு சாக்கும், மாலைதோறும் சிறிது நேரக் கவனமும் இருந்தால், பொரித்த குஞ்சுகளுள் பல கோழிகளாகும்.