நீர் இறைக்கும் பழைய எஞ்சின் இயங்க மறுக்கும்போது

சிறுபோகக் காலத்தில், வாழைச்சேனை, கல்குடா, வாகரைப் பக்கத்து மணற்றரைத் தோட்டங்களில் மிளகாயும் கத்தரியும் பூக்கும் வேளையிலேயே நீர் இறைக்கும் எஞ்சின் நின்றுவிடுவதைக் கமக்காரர் பலரும் அறிவர். மணல் நீரைத் தாங்கிவைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் இரண்டு மூன்று நாள் நீர் தவறினாற் பூ உதிர்ந்துவிடும். வாகனேரிக் குளத்து நீர் சென்றெட்டாத கடைசி வயல்களுக்கு வடிகால் நீரை ஏற்றுவோர் நிலையும் இதுவே. எஞ்சினை வண்டியிலேற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லுமுன், கிணற்றடியிலேயே கண்டு தீர்க்கக்கூடிய குறைகள் பல உள.

எஞ்சின் இயங்குவதற்கு எரிபொருள், காற்று, தீப்பொறி, உருளைக்குள் போதிய அமுக்கம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் எது குறைகின்றது என்று ஆராயாது, கை சோரும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதாற் பயனில்லை. பெற்றோல் உருளைக்குள் நிறைந்து பிளக் நனைந்துவிடும்.

முதலில் ஒயிலின் அளவைப் பார்க்கவேண்டும். ஒயில் குறைந்தாற் தீப்பொறியைத் தடுத்துவிடும் கருவி பல எஞ்சின்களில் உண்டு. எஞ்சினைச் சரிவான வரம்பின்மீது வைத்தால், ஒயில் போதியளவு இருப்பினும் அக்கருவி அதனை இயங்கவிடாது. சமதரையில் வைத்த மாத்திரத்தே இயங்கும் எஞ்சினுக்கு வேறு வைத்தியம் வேண்டியதில்லை.

அடுத்தது எரிபொருள். பெரும்பாலான தொல்லைகள் இதிலேயே தொடங்குகின்றன. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது கிடைத்த பெற்றோலைக் கலன்களிற் சேமித்துவைக்கப் பலர் பழகிக்கொண்டனர். பெற்றோல் சில மாதம் கிடந்தால் அதன் இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாகிக் காபரேற்றரின் நுண்டுளையை அடைத்துவிடும். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியாணியைத் தளர்த்தி, வடிவதைக் கண்ணாடிப் போத்தலொன்றிற் பிடித்துப் பாருங்கள். நீர் கலந்திருந்தால் அது அடியிற் பிரிந்து நிற்கும். துளை அடைபட்டிருந்தாற் கம்பியாற் குத்துதல் கூடாது. பித்தளைத் துளை சிறிது பெருத்தாலும் எஞ்சின் அதன்பின் எரிபொருளை வீணே குடிக்கும். வாவியில் மீன்பிடிப்போரிடம் உள்ள மெல்லிய தங்கூசித் துண்டு ஒன்று இதற்குப் போதும்.

எஞ்சின் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பின்பு மூச்சடைத்தாற்போல் நின்றுவிடுமாயின், எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி இயக்கிப் பார்க்கவேண்டும். அப்பொழுது தொடர்ந்து ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத்துளை மண்ணாற் தூர்ந்திருக்கின்றது என்பதே பொருள். இக்குறைக்காகக் காபரேற்றர் முழுவதையும் மாற்றிப் பணத்தைச் செலவிட்டோரும் உளர்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் ஆரம்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன்னும் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிடுதல் அவசியம். இல்லாவிடில் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாட் காலை எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் பற்றாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலுடன் கலப்பதும் உண்டு. ஒயில் அளவுக் குறியைத் தாண்டி ஏறியிருந்து, மண்ணெண்ணெய் மணமும் வீசினால், 'ஒயில் குறையவில்லை' என்று மகிழவேண்டாம்; அன்றே அதனை மாற்றுக. பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தகாது. அதன் அமுக்கம் மண்ணெண்ணெய்க்கு மிகையானது. உருளையில் இடிப்பொலி எழுந்து பிஸ்டன் கெடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதன் பின், அந்தச் சிக்கனத்தின் கணக்கும் முன்போல் இல்லை.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே பல செய்திகளைக் கூறும். உலர்ந்த கரி படிந்திருந்தாற் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது சோக் மூடியபடியே இருக்கலாம். நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. பிளக்கை உலர்த்தி, சோக்கைத் திறந்து இயக்கவேண்டும். முனைகளின் இடைவெளி பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். தீப்பொறியைச் சோதிக்குமுன் சிந்திய பெற்றோலைத் துடைத்து, பிளக்கைத் துளையிலிருந்து விலக்கி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினுடன் தொடவைத்துக் கயிற்றை இழுக்கவேண்டும். வாவிக் காற்றின் உப்பாற் பிளக் தொப்பியினுள் பச்சைக் களிம்பு ஏறுவது இப்பகுதிக்கே உரிய தொல்லை. புதிய பிளக் போட்டும் பொறி வராவிடில் முதலில் இதனையே பார்க்கவேண்டும். எரிபொருள், தீப்பொறி பற்றி இங்கு கூறியவை வரம்புப் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும், கயிறு தடையின்றி இலேசாக இழுபடுமாயின் அமுக்கம் போய்விட்டது. வால்வும் வளையமும் பழகிய தொழிலாளியின் வேலை. அதனை அவரிடமே விடுக.

எஞ்சின் ஓடியும் நீர் வராவிடில், குறை பெரும்பாலும் உறிஞ்சு குழாயிலோ அடிவால்விலோ இருக்கும். ஆனால் வரட்சியில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதா என்பதையும் அளந்து பார்க்கவேண்டும். நீரை மேலே ஏற்றுவது வளியின் அமுக்கமே. கணக்கின்படி அது 10 மீற்றருக்குச் சற்று மேல் ஏற்றும். நடைமுறையிலோ ஏறக்குறைய 7 மீற்றர், அதாவது 23 அடிதான். அதனிலும் ஆழத்துக்கு நீர் இறங்கியபோது, எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவைப்போர் உளர். உயிரைப் பறிக்கும் செயல் இதுவே.

எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. வெளியிற் காற்றோடு போய்விடும் அப்புகை, கிணற்றுக்குள் போக வழியின்றித் தங்குகின்றது. தன் புகையையே உறிஞ்சும் எஞ்சின் சிறிது நேரத்திற் தடுமாறி நின்றுவிடும். பழுது பார்க்க இறங்குபவர் சில நிமிடத்தில் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பின்னே இறங்கும் தமையனோ மகனோ அவ்வாறே விழுவார். ஒரு கிணற்றில் இருவர் மூவர் மாண்டுபோவது இவ்வாறுதான். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கு நம்புதல் கூடாது. பிராணவாயு குறைந்தாலே சுடர் அணையும். இந்நஞ்சு மனிதனைக் கொல்லும் அளவில் இருந்தாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும். எஞ்சின் நின்று வெகுநேரம் ஆனபின்னும் கிணறு பாதுகாப்பானதன்று. எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வருவித்தலும், மேலிருந்தே மீட்க முயல்தலும் வேண்டும், பின்தொடர்ந்து இறங்கலாகாது. ஆழக் கிணற்றுக்கு மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது. அதற்கு வசதியில்லையேல், அவ்வாண்டு பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைப்பது மேல்.

மாரி தொடங்கி எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கும்போது, எண்ணெய்க் குழாயைப் பூட்டி, அது தானே நிற்கும்வரை ஓடவிடுக. தாங்கியில் மிஞ்சியதை வடித்துவிடுக. ஒயிலைச் சூட்டோடு மாற்றி, பிளக் துளையினுள் ஒரு தேக்கரண்டி புது ஒயில் விட்டு, கயிற்றை இரண்டொரு முறை மெல்ல இழுத்தபின் பிளக்கைப் பூட்டுக. பின்பு தடை தெரியும் இடம்வரை இழுத்து நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும். உப்புக் காற்று உட்புகாது. வெள்ளம் ஏறும் தரையில் வைக்காது, பரணிலோ உயர்ந்த மேடையிலோ சாக்கினால் மூடிவைக்கவேண்டும்.