லினக்ஸ் டேட்டாபேஸ் விண்டோஸை உள்ளே விட மறுக்கிறதா?

1. உபுண்டு சர்வரின் ஃபயர்வாலில் மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை உங்கள் விண்டோஸ் கணினியின் ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ஊருக்கே திறந்தால் திருடனுக்கும் அதுவே வாசல்.

2. மைஎஸ்கியூஎல் கான்ஃபிக் ஃபைலில் 'பைண்ட்-அட்ரஸ்' 127.0.0.1 என்றிருந்தால் வெளிக் கணினி எதையும் அது சேர்க்காது. 0.0.0.0 ஆக்குங்கள். பிறகு ரீஸ்டார்ட், பலர் மறப்பது இதைத்தான்.

3. 'லோக்கல்ஹோஸ்ட்' யூசர் போதாது. உங்கள் ஐபிக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'அக்செஸ் டினைடு' வருவது பெரும்பாலும் இதனால்தான். ரூட்டைத் தொடவே வேண்டாம்.

4. டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்திலேயே வையுங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு.

5. எக்செல்லிலிருந்து இணைக்கிறீர்களா? எக்செல் 32 பிட் என்றால் ஓடிபிசி டிரைவரும் 32 பிட்தான் போட வேண்டும்.