அலுவலகம், அடுப்படி, நடுவில் ஆரி ஊசி

ஆரி வேலையோ, வீணையோ, வாட்டர் கலரோ, கதை எழுதும் நோட்டோ, எதுவானாலும் அதை விட்டுவிட்டவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நேரமில்லை. அது பாதி உண்மை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, காய்ந்து ஒட்டிக்கொண்ட மூடியைத் திருகித் திறந்து, பிரஷ்ஷைத் தேடி எடுப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடுகிறது. கிடைத்த அரை மணி நேரம் ஆயத்தத்திலேயே கரைந்துபோகிறது. ஆகவே கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை, சட்டென்று உட்காரவும் சட்டென்று எழுந்திருக்கவும் வழி செய்பவை.

1. பொருட்களைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டிலோ மூடியுள்ள கூடையிலோ போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். வீணையை உறையோடு கட்டிலுக்கடியில் தள்ளினால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கூடத்து மூலையில் மெல்லிய துணி போர்த்தி வையுங்கள். ஜன்னல் வெயில் மட்டும் அதன்மேல் விழக் கூடாது. சூட்டில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி, சுருதி கெட்டுப்போகும்.

2. நடுவில் நிறுத்தக்கூடிய வேலை எது, நிறுத்த முடியாத வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறிப்பைப் பின்பற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். குரோஷாவை எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். கண்ணி உருவிக்கொள்ளாமல் ஒரு ஊக்கை மாட்டினால் போதும். வாட்டர் கலர் தட்டில் காய்ந்தாலும் மறுநாள் ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் கரையும். அக்ரிலிக் அப்படியல்ல, காய்ந்தால் காய்ந்ததுதான்.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 'அதெல்லாம் வேலைக்குப் போறவங்களுக்கு ஒத்து வருமா?' என்று பலர் ஒதுங்குவது இந்தக் கலையிடம்தான். உண்மையில் இது வேலைக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். பலகையில் துணியை ஒட்டுகிறோம், காய வேண்டும். சாக் பவுடரும் பசையும் கலந்து பூசுகிறோம், மறுபடி காய வேண்டும். இரவு பூசி வைத்தால் நீங்கள் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். உப்புத்தாளால் தேய்ப்பது, படத்தை டிரேஸ் எடுப்பது, கற்களை ஒட்டுவது எல்லாம் கதவு மணி அடித்தால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலைகள். அவற்றை வார நாள் இரவுகளுக்கு ஒதுக்குங்கள். படத்தில் புடைப்பை உண்டாக்கும் மக்கு வேலையும் தங்க ரேக்கு ஒட்டுவதும் அப்படியல்ல. கலந்த மக்கு இறுகத் தொடங்கிவிடும். ரேக்கு ஒட்டும்போது மின்விசிறியைக்கூட நிறுத்தியாக வேண்டும். லேசான காற்றுக்கே சுருண்டு மடங்கிவிடும். இந்த இரண்டையும் ஞாயிறு மதியம், வீடு உறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியும் இடத்தில்தான் அன்றைய எழுத்தை நிறுத்துவேன் என்று எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கதைக்கு மட்டுமல்ல, பூத்தையலுக்கும் இது பொருந்தும். ஒரு இதழை முழுதாக முடித்துவிட்டு எழுந்தால், மறுநாள் அடுத்ததை எங்கே தொடங்குவது என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். 'இடது இதழ், இளஞ்சிவப்பு, இரண்டு இழை' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டத்தில் குத்தி வையுங்கள்.

4. உங்கள் நேரத்தை வேறொரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். 'தினமும் ஒரு மணி நேரம்' என்ற தீர்மானம் நம் வீடுகளில் நிற்காது. 'இரவுப் பாத்திரம் கழுவியதும்', 'பிள்ளை டியூஷனுக்குப் போனதும்' என்று வைத்துக்கொண்டால் நிற்கும்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிராலோப் தபால் துறை அதிகாரியாக இருந்துகொண்டே எழுதினார். காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். 47 நாவல்கள் வந்தது இப்படித்தான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடியலில் அவரை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வயதான பணியாள் இருந்தார். அதற்கென்று வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு மற்ற யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக டிராலோப் தன் சுயசரிதையில் எழுதினார். நம் வீடுகளில் அந்த 5.30 மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறவர் அநேகமாகப் பெண்தான். அவரிடம் போய் 'சீக்கிரம் எழுந்தால் நேரம் கிடைக்கும்' என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. அவருக்கு வசதியான நேரம் மதியம் 2.30 ஆக இருக்கலாம், இரவு 9 ஆக இருக்கலாம். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

5. அந்த நேரத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. நாள், மணி, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அத்தை, செவ்வாயும் வியாழனும் எட்டரையிலேர்ந்து ஒன்பதேகால் வரைக்கும் பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? நான் உள்ளே வீணை வாசிச்சிட்டு வந்துடறேன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் மறுப்பு வராது, எதைத் தர வேண்டும் என்று அவர்களுக்கும் தெளிவாகிவிடுகிறது. அதே முக்கால் மணி நேரத்தைக் கணவரின் மிருதங்கத்துக்கும் மாமனாரின் சதுரங்கத்துக்கும் நீங்களும் விட்டுக்கொடுங்கள்.

6. அந்த இரண்டு நாட்களில் சமையல் ஒரே பாத்திரத்தில் முடியட்டும். வெண்பொங்கல், பருப்பு சாதம், கிச்சடி எதுவானாலும் சரி, தொட்டுக்கொள்ள அப்பளம். ஞாயிறன்று புளிக்காய்ச்சலோ தக்காளித் தொக்கோ கிளறி வைத்தால் வார நடுவில் கை கொடுக்கும். சின்ன வெங்காயத்தை முந்தைய நாள் இரவு டிவி பார்த்துக்கொண்டே உரித்துவிடலாம்.

7. சமையலறையிலிருந்து நேராகப் பட்டுத்துணியைத் தொடாதீர்கள். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெளிர் நிறத் துணியில் ஏறினால் போவது கஷ்டம். பாத்திரம் தேய்த்து வெடித்த விரல்களில் பட்டு நூல் சிக்கி இழை கிளம்பும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு உள்ளங்கையிலும் விரல்களிலும் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். சொரசொரப்பு அடங்கியிருக்கும்.

8. கறுப்புத் துணியில் தையல் போடுவதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் போட்டே ஆக வேண்டுமென்றால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் இழை இடைவெளிகள் தெரியும். வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடது தோள் பக்கமிருந்து வர வேண்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்த்த கண்ணை மறுபடி ஊசிமுனையில் நிறுத்துகிறோம் என்பதை மறக்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

9. பிரஷ்ஷைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். முனை வளையும், உலோகப் பூணுக்குள் நீர் புகுந்து கட்டை ஊதி, முடி உதிரத் தொடங்கும். அவசரமாக எழ வேண்டி வந்தால் ஈரத்துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் கழுவி, முனையை விரலால் கூர்மைப்படுத்தி, படுக்கை வாக்கில் காயவையுங்கள்.

10. ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். டப்பாவின் அடியில் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருந்தால் பாதியில் எழுந்தாலும் ஊசி சிதறாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மணியும் சமிக்கியும் தரையில் வைத்து வேலை செய்யவே கூடாது.

11. அலுவலகத்துக்கும் உங்கள் கலைக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். நம் எழுத்தாளர்களில் லா.ச. ராமாமிருதம் வங்கி ஊழியர். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். வேலையை விட்டால்தான் கலை வரும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும். உணவு இடைவேளையும் ரயில் பயணமும் உங்களுடையவை. அலுவலகத்து பிரிண்டர் உங்களுடையது அல்ல.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அலுவலகக் கடமை கெடாத வரை எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்கின்றன. அதுவே தொழிலாகிப் பணம் வரத் தொடங்கினால் நிலைமை மாறும், எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது நல்லது. மாநில அரசிலும் தனியாரிலும் இருப்பவர்கள் தங்கள் விதிகளையும் நியமன உத்தரவையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

12. வீட்டில் இடமே இல்லையென்றால் வெளியே தேடுங்கள். எழுத்தாளர் அசோகமித்திரன் தி.நகர் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் ஒரு மேசை காலியாக இருக்கலாம்.

13. செலவுக்கு வரம்பு வையுங்கள். கையில் இருக்கும் வேலை முடியாமல் அடுத்ததற்குச் சாமான் வாங்குவதில்லை என்பது நல்ல வழக்கம். நல்ல வீணை, தையல் மெஷின் போன்ற பெரிய செலவுக்குத் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். ஐந்து வருடக் கணக்கு அது. வீட்டுச் செலவிலிருந்து எடுக்கிறோமே என்ற உறுத்தல் இருக்காது.

14. ஆர்டர் எடுப்பதில் கவனம் தேவை. ஒரு ரவிக்கை அழகாக அமைந்துவிட்டால், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்" என்று தெருவே வரும். ஆவணி, தை முகூர்த்தங்கள் நெருங்கும்போது அது தூக்கத்தைத் தின்னும் இரண்டாவது வேலையாகிவிடும். பணம் தேவையென்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் சாமான் விலையோடு நீங்கள் உட்கார்ந்த மணி நேரத்துக்கும் கூலி போடுங்கள், சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து. பணம் தேவையில்லையென்றால் "இது எனக்காகச் செய்யறது, ஆர்டர் எடுக்கறதில்லை" என்று முதல் ஆளிடமே சொல்லிவிடுங்கள். கலை என்றால் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி இப்போது அதிகம். யாருக்கும் விற்காத, யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு.

15. பரீட்சை மாதம், தீபாவளி வாரம், வீட்டுக்கு விருந்தாளி வரும் நாட்கள், அப்போதெல்லாம் அளவைச் சுருக்குங்கள். சரளி வரிசை ஒரு காலத்தில், ஒரு பென்சில் கோட்டோவியம், நாலு வரி குறிப்பு. ஐந்து நிமிடம் போதும்.

16. வீட்டில் யாருக்காவது பெரிய நோய், பிரசவம், இடமாற்றம் என்று வந்தால் குற்ற உணர்வில்லாமல் எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்து வைப்பதை மட்டும் முறையாகச் செய்யுங்கள். பட்டு நூலைப் பருத்தித் துணியில் சுற்றி இருட்டான அலமாரியில் வையுங்கள். கம்பளி நூலோடு காய்ந்த வேப்பிலை போடுங்கள். பெயின்ட் டப்பாவின் வாயைத் துடைத்து, திருகு வளையத்தில் துளி வாசலின் தடவி மூடினால் திரும்பத் திறக்கும்போது ஒட்டியிருக்காது. பாதி வேலையின்மேல் தேதியையும் அடுத்த படியையும் எழுதி ஒட்டுங்கள். மறுபடி தொடங்கும்போது நேராக அந்தப் பாதி வேலையில் கை வைக்க வேண்டாம். விட்ட கை முதலில் தடுமாறும், நல்ல துணி கெடும். ஒரு வாரம் பழைய துணியில் சங்கிலித் தையல் போடுங்கள், வரிசைகளை மட்டும் வாசியுங்கள். கை பழகிய பிறகு அந்தப் பாதி வேலையை வெளியே எடுங்கள்.