மலைவாழ்வார்க்கு வந்த துணை

சேலம் நகருக்கு வடக்கே வானளாவி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மீது ஏற்காடும், அதனைச் சேர்ந்த செம்மநத்தம் முதலிய சிற்றூர்களும் அமைந்துள்ளன. தென்கிழக்கே சென்றால் கொல்லிமலையைக் காணலாம். இவ்விரு மலைகளிலும், கல்வராயன்மலை, பச்சைமலை ஆகியவற்றிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள் மலையாளிகள் என்று வழங்கப்படுவர். இவர்கள் கேரள நாட்டினர் அல்லர், தமிழே பேசுபவர், மலையிலே வாழ்தலால் இப்பெயர் பெற்றனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி.

கொல்லிமலை என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஆண்ட மலை அது. பாணர்க்கும் கூத்தர்க்கும் வாரி வழங்கிய வள்ளலின் மலையிலே, பிற்காலத்தில் வாழ்ந்த எளிய மக்கள் மருந்தின்றியும் கல்வியின்றியும் வருந்தினர் என்பது காலத்தின் கோலமே. அம்மக்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்கடந்த நாட்டிலிருந்து ஓர் உதவி வந்தது. அதன் வரலாறு அறியத்தக்கது.

ஆங்கிலேயர் நம் மலைகளுக்கு வந்தது அதுவே முதன்முறை அன்று. சேலத்தில் கலெக்டராய் இருந்த காக்பர்ன் என்பார் 1820ஆம் ஆண்டை ஒட்டிச் சேர்வராயன் மலையிலே காப்பிச் செடியைப் பயிராக்கினார். அதன்பின் ஐரோப்பியர் பலர் ஏற்காட்டில் தோட்டமிட்டுக் குடியேறினர். அவர்களை ஈர்த்தன குளிர்ந்த காற்றும் காப்பி வாணிகமும். கொல்லிமலையின் நிலை வேறு. கொடிய காய்ச்சலுக்கு இருப்பிடம் என்று அது பெயரெடுத்திருந்தது. ஆங்கே தங்க எவரும் விரும்பிலர்.

அத்தகைய மலைக்கு 1913ஆம் ஆண்டில் ஓர் இளந்தம்பதியர் சென்றனர். கணவர் ஜெஸ்ஸி பிராண்டு; கட்டடத் தொழிலில் பயின்றவர்; இலண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். மனைவி ஈவ்லின் அம்மையார், செல்வ வணிகர் ஒருவரின் மகள், ஓவியம் கற்றவர். சேந்தமங்கலத்தில் மணம் முடிந்த அன்றே மழையில் நனைந்துகொண்டு இருவரும் மலையேறினர். இன்று கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அன்று அச்சாலையும் இல்லை. ஒற்றையடிப் பாதையே உண்டு.

அவ்விருவரும் கிறித்தவ சமயப் பணிக்கெனவே அனுப்பப்பட்டவர். இதனை மறைத்துக் கூறுதல் வரலாறு ஆகாது. இங்கிலாந்தில் ஒரு சிறு சமயச் சங்கத்தின் உறுப்பினர்கள் திரட்டிய நன்கொடையே அவர்களின் செலவுக்கு ஆதாரம். பெருஞ்செல்வர் அளித்த பேரறக்கட்டளை அவர்களுக்குப் பின்னே இல்லை. தம் வாழ்நாளில் கண்டறியாத மலையூர் ஒன்றின் பொருட்டுப் பலர் தத்தம் வருவாயில் சிறிது ஒதுக்கினர்.

மலைமக்களோ புதியவர்களை உடனே நம்பிவிடவில்லை. நம்புவதற்குக் காரணமும் இல்லை. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தோர் பலர் அவர்களை ஏய்த்துப் பொருள் பறித்தவர்களே. ஆதலின் ஜெஸ்ஸி சொல்லை விடுத்துச் செயலில் இறங்கினார். வீடு கட்டினார், தச்சுவேலையும் கற்பித்தார், பள்ளி தொடங்கினார், புண்ணுக்கு மருந்திட்டார், பல் பிடுங்கினார். நோயாளிகளுள் மிகப் பலர் நரம்புச்சிலந்தியால் வருந்தியவர்.

நரம்புச்சிலந்தி என்பது யாது? இளைஞர் பலர் இப்பெயரையே கேட்டிரார். அது மனித உடலுள் வளரும் நூல்போன்ற ஒரு புழு. நீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுள்ள சிற்றுயிர்களின் உடலில் இதன் குஞ்சு தங்கியிருக்கும். அந்நீரைப் பருகியவர் உடலுள் புகுந்து ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட புழுவாகி, பெரும்பாலும் கால் வழியே தோலைப் பொத்துக்கொண்டு வெளிவரும். அப்போது நெருப்புப் பட்டாற்போல் எரியும். எரிச்சல் தாளாதவர் காலைக் குளிர்ந்த நீரில் வைப்பர். வைத்த கணமே புழு தன் குஞ்சுகளை அந்நீரில் உமிழும். அந்நீரை ஊரார் மீண்டும் பருகுவர். தன் வேதனையைத் தணிக்க நோயாளி செய்வதே ஊர் முழுதும் நோயைப் பரப்பும். இதனினும் கொடிய சூழ்ச்சியை இயற்கை வகுத்திருக்குமோ என்று ஐயுறத் தோன்றுகின்றது!

இந்நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. வெளிவரும் புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுத்தல் வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து உள்ளே தங்கிப் புண் புரையோடும். ஜெஸ்ஸி இவ்வாறு எண்ணற்ற புழுக்களைச் சுற்றியெடுத்தார். அருகே நின்று பார்த்த அவர் மகன் பால், அக்காட்சியைப் பிற்காலத்தில் தம் நூல்களில் எழுதியுள்ளார்.

புழுவைச் சுற்றியெடுப்பதோடு ஜெஸ்ஸியின் மனம் அமைதியுறவில்லை. இவ்வாண்டு ஆறிய கால் அடுத்த ஆண்டு மீண்டும் புண்ணாயிற்று. குற்றம் நீர்நிலையில் இருந்தது. மக்கள் இறங்கிக் காலை நனைத்து நீர் முகக்கும் வழக்கம் மாறினாலன்றி நோய் தீராது. எனவே, நீரைத் துணியில் வடிகட்டிப் பருகுமாறும், புண்ணுற்ற காலோடு நீரில் இறங்காதிருக்குமாறும் ஊர்தோறும் சென்று கற்பித்தார். கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பச் செய்தார். கட்டடத் தொழில் கற்ற கை அப்போது மருத்துவம் கற்ற கைக்குத் துணையாயிற்று.

கொடுத்தவர்கள் பெற்றும் கொண்டனர். பால் பிராண்டு இளமையில் நிகழ்ந்த ஒன்றை எழுதியிருக்கின்றார். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களில் சிறுவர் சிலர் தவளை பிடித்து விளையாடினர். சேறு கலங்கி வரப்பு உடைந்தது. வாய்க்காலைக் காத்துவந்த முதியவர் ஒருவர், தாத்தா என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், அங்கு வந்தார். அவர் கையில் சேற்றை அள்ளிக் காட்டினார். வரப்பின் வழியே கீழ்வயலுக்கு ஓடும் கலங்கல் நீரையும் காட்டினார். ஓடிப்போன மண் மேல்வயலுக்குத் திரும்பாது. அம்மண் இல்லையேல் அவ்வயலில் நெல் இல்லை என்பதே அவர் உணர்த்திய பாடம். தண்டனை ஏதும் தந்திலர். சிறுவர்கள் தாமே வெட்கினர். எழுத்தறியாத அம்முதியவரைத் தம் ஆசிரியருள் ஒருவராகப் பால் பிராண்டு போற்றினார். பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்து, மரமிழந்த சரிவுகளில் மண் அரிக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டபோது அம்முதியவரையே நினைத்தார்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. உறவினரே நோயாளியை விட்டு ஓடிய காலம் அது. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று ஊட்டினர். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவரும் நோயில் வீழ்ந்தார். உயிர் பிரியுங்கால் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்புவித்தார்.

1929ஆம் ஆண்டு சூன் திங்களில், நாற்பத்து நான்காம் வயதில், ஜெஸ்ஸி கொடிய மலைக்காய்ச்சலால் இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவர். தந்தையைப்போலவே முதலில் கட்டடத் தொழில் பயின்ற அவர், பின்னர் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அக்கல்லூரியே வெளிநாட்டு நன்கொடையால் வளர்ந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்க வள்ளல் ஒருவர் அளித்த பொருளைக் கொண்டு 1902இல் வேலூரில் திறந்த மகளிர் மருத்துவமனையே அதன் தொடக்கம்.

பால் பிராண்டின் நாட்டம் தொழுநோயாளிகள்பால் சென்றது. மடங்கி விறைத்த அவர்தம் விரல்கள் நோயால் அழுகியவை என்றும், கத்தி பட்டால் ஆறாதவை என்றும் மருத்துவர் பலர் கருதியிருந்தனர். அவர் ஆராய்ந்து பார்த்தார். ஒருநாள் துருவேறிய பூட்டு ஒன்றைத் திறக்க அவரால் இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைப் பற்றி எளிதில் திருகித் திறந்தான். அவன் விரலிலிருந்து குருதி ஒழுகியது. சாவி எலும்பு தெரியும் அளவிற்கு வெட்டியிருந்தது. அவனோ அதனை உணரவில்லை. வலியை உணரும் நரம்பு செயலற்றுப் போனமையாலேயே காயங்கள் பெருகி விரல்கள் அழிகின்றன என்ற உண்மை இவ்வாறு சிறிது சிறிதாகப் புலனாயிற்று. 1948 முதல், நல்ல நிலையிலுள்ள தசைநார்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தலானார்.

இங்கே எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கை சீரடைந்து வீடு திரும்பியோருள் சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். அவர்களின் குறை யாது? இக்கை இரந்துண்ண உதவவில்லை என்பதே! முன்பு மடங்கிய விரலைக் கண்டு இரங்கிக் காசிட்டவர், நிமிர்ந்த விரலைக் கண்டு கடந்து சென்றனர். நோயாளி என்று அறிந்து வேலை தருவாரும் இல்லை. மாணவர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தெருவிலே காசிட்டவர் கல்நெஞ்சர் அல்லர், இரக்கமுடையவரே. எனினும், அவர்தம் இரக்கம் ஊனத்திற்கு விலை வைத்தது. நலத்திற்கு விலை வைக்கவில்லை.

முதிய பெண்மணி ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 500 பவுன் அளித்தார். அப்பணத்தைக் கொண்டு 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. நம் சிற்றூர் வீடுகளை ஒத்த சில எளிய குடில்களே அவை. அறுவை முடிந்தவர்கள் ஆங்கே தங்கி, தச்சுவேலை கற்று, மரப் பொம்மை முதலியன செய்து விற்றுத் தம் கையால் உண்டனர். கருவியைப் பிடிக்கும்போது காயம் படாமல் காத்துக்கொள்ளவும் கற்றனர். தாம் இளமையில் கற்ற தச்சுத்தொழில் மருத்துவப் பட்டத்திற்கு இணையாக உதவியது என்பது பால் பிராண்டின் கருத்து. வேலூரிலும் கரிகிரியிலும் கண்டறிந்த இம்முறைகளைப் பிற நாட்டு மருத்துவர்கள் வந்து கற்றனர். அவரும் 1966இல் அமெரிக்கா சென்று, நீரிழிவால் உணர்விழந்த பாதங்களைக் காக்கும் வழிகளுக்கு அதே அறிவைப் பயன்படுத்தினார். வேலூர் ஏழைகளின் விரல்களில் கற்ற பாடம் செல்வ நாட்டுக்கு உதவியது.

நரம்புச்சிலந்தியின் முடிவையும் இங்கே கூறிவிடல் நன்று. 1980களில் இந்திய அரசு அதனை ஒழிக்கும் திட்டத்தை நாடெங்கும் நடத்தியது. 1996இல் நம் நாட்டின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்று அளித்தது. 1986இல் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வாட்டிய நோய், 2023இல் 14 பேரிடமே காணப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளில் இப்பணிக்கு வெளிநாட்டார் பொருள் உதவினர். வடிதுணியை வீடுதோறும் கொண்டுசென்று வழங்கியோரும், புண்ணுற்றவரை நீர்நிலையில் இறங்காமல் தடுத்தோரும் அவ்வச் சிற்றூர்களைச் சேர்ந்த தொண்டர்களே. ஜெஸ்ஸி கொல்லிமலையில் தனியொருவராய்ச் சொல்லித் திரிந்ததையே அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு செய்தனர்.

இனி, ஈவ்லின் அம்மையாரைக் காண்போம். கணவர் இறந்தபின் அவர் இங்கிலாந்து சென்று, மீண்டும் தமிழகத்திற்கே வந்தார். மலைத்தொடர்கள் ஐந்திலும் பணிபுரிய வேண்டும் என்பது கணவரோடு அவர் கொண்ட உறுதி. ஆனால், சங்கம் அவரைச் சமவெளியிலேயே பணியாற்றச் செய்தது. ஓய்வு பெறும் வயது வந்தது. சங்கம் விடை கொடுத்தது, ஊதியமும் நின்றது. ஏறத்தாழ எழுபது வயதில், தம் சொந்தப் பொருளைக் கொண்டு, அவர் மீண்டும் மலையேறினார். மட்டக்குதிரை மீதமர்ந்து கல்வராயன்மலை முதலிய மலைகளின் ஊர்களைச் சுற்றி வந்தார். எழுபத்தைந்தாம் வயதில் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மலையை விட்டு வருமாறு மகன் அழைத்தார். தாம் வந்துவிட்டால் அம்மலையூர்களுக்கு யார் துணை என்று கேட்டுத் தாய் மறுத்துவிட்டார்.

அழகிய ஓவியங்கள் தீட்டிய அம்மையாரின் வீட்டில் கடைசி இருபதாண்டுகளாகக் கண்ணாடி ஒன்றேனும் இல்லை. தொண்ணூற்று மூன்றாம் வயதில், குதிரையில் அமர உடல் இடந்தராதபோது, மலைமக்கள் அவரைக் கட்டிலில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். மலையிலே பாட்டி என்றே அவரை அறிவர். 1974ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவர் காலமானார். தம் உடலைப் பேழையில் வைத்தல் வேண்டா என்று அவர் முன்னரே கூறியிருந்தார். அவ்வாறே ஓர் எளிய பருத்தித் துணியில் பொதிந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே, அம்மண்ணிலேயே அடக்கம் செய்தனர்.